‘இது திருட்டுப் பிரதி’

எங்கள் நிறுவனத்தில் இரண்டே பேர்தான், நானும் என் தோழியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் படம் வரைவாள், நான் நிரல் எழுதுவேன். கிள்ளானில் ஒரே பள்ளியில் ஆறாம் படிவம் வரை ஒன்றாகப் படித்தவர்கள். அவள் விளம்பர வேலையையும் நான் வங்கி மென்பொருள் வேலையையும் விட்டுவிட்டு, கணினி விளையாட்டு செய்து விற்கப் போகிறோம் என்று அறிவித்தபோது இரண்டு வீட்டிலும் ஒரே கேள்விதான் வந்தது: “விளையாட்டுக்குத்தானே சொல்றீங்க?”

விளையாட்டுக்குத்தான். ஆனால் இரண்டு வருடம் உழைத்துச் செய்த விளையாட்டு அது. அதில் மெய்யெழுத்துகள் ரயில் பெட்டிகள், உயிரெழுத்துகள் இஞ்சின்கள். ‘க்’ பெட்டியில் ‘ஆ’ இஞ்சினைக் கோர்த்தால் ‘கா’ என்று கூவும். எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லானால் ரயில் அடுத்த நிலையத்துக்குப் போகும். கிள்ளானில் கிளம்பி, பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா என்று கோலாலம்பூர் வரை. நிலையங்களை என் தோழி நேரில் போய் உட்கார்ந்து வரைந்தாள். கூரையில் புறாக்கள் எங்கே உட்காரும் என்பதுகூட அவள் படத்தில் சரியாக இருக்கும். நல்ல விளையாட்டு. இன்றும் தயக்கமில்லாமல் சொல்வேன்.

வெளியிடப் போகிற மாதத்தில்தான் பூட்டு பற்றிய பேச்சு வந்தது. காசு கொடுத்து வாங்காதவர்கள் விளையாட முடியாமல் தடுக்கும் ஏற்பாட்டைத்தான் பூட்டு என்கிறேன்.

“யாரு லா நம்ம கேமைத் திருடப் போறா?” என்றாள் தோழி. “முதல்ல யாராச்சும் வாங்கட்டும்.”

“திருடுவாங்க. எனக்குத் தெரியும். நானே திருடுனவ.”

அது உண்மை. கிள்ளானில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, போடுவார்கள். ஆப்பம் விற்கும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு மடக்கு மேசை. அதில் பிளாஸ்டிக் உறைக்குள் விளையாட்டு வட்டுகள் அடுக்கியிருக்கும். உறையின் மேல் மார்க்கர் பேனாவால் சீரியல் நம்பரைக் கிறுக்கியிருப்பார்கள். என் அண்ணனும் நானும் விளையாடிய எல்லாமே அந்த மேசையிலிருந்து வந்தவைதான். அசல் என்று ஒன்று கடையில் கிடைக்கும் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஒரு வட்டு மட்டும் எங்களை மடக்கியது. விளையாட்டு தொடங்கும்போது, “கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம், நான்காம் வரி, மூன்றாம் சொல் எது?” என்று கேட்கும். அசலை வாங்கியவரிடம் பெட்டிக்குள் கையேடு இருக்கும். பாசார் மாலாம் வட்டுக்கு ஏது கையேடு? மூன்று முறை தப்பாகச் சொன்னால் மூடிக்கொள்ளும். அண்ணன் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக அடித்துப் பார்த்தான். நான் வேறு வழி பார்த்தேன். நிரலின் உள்ளே இருக்கும் எண்களைக் காட்டும் ஒரு சின்னக் கருவி கிடைத்தது. சொல் சரியா தப்பா என்று அது முடிவு செய்யும் இடத்தை மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்து, ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். அதன் பிறகு என்ன அடித்தாலும் ‘சரி’ என்று திறந்துகொண்டது. என் பெயரை அடித்தேன், திறந்தது. அண்ணனைத் திட்டி அடித்தேன், திறந்தது. எனக்குப் பதினாறு வயது. கணினியை நான் சொன்னபடி கேட்கவைத்தது அன்றுதான் முதல்முறை. படித்தால் இதைத்தான் படிப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆக, பூட்டு உடைக்கத் தெரிந்தவள் பூட்டு செய்தால் அது உடையாது என்று நம்பினேன். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சாவி எண். எத்தனை கணினியில் போடலாம் என்பதற்கு ஒரு வரம்பு. விளையாட்டு வாரம் ஒருமுறை இணையம் வழியாக எங்கள் சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும். வரம்பு மீறினால் அந்தச் சாவி வெளியே கசிந்துவிட்டது என்று பொருள்; சர்வரை எட்டவே முடியாவிட்டாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஏழு நாள் அவகாசம் தரும், மூலையில் ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்போடு. அதற்குப் பிறகு திரை முழுக்கச் சிவப்பாகி, ரயில் நின்று, பெரிய எழுத்தில் வரும்: ‘இது திருட்டுப் பிரதி. நீங்கள் இதை வாங்கவில்லை.’

அந்த வாசகத்தை எழுதிவிட்டு நானே இரண்டு முறை ஓட்டிப் பார்த்துச் சிரித்தேன். “கொஞ்சம் ஓவரா இல்ல?” என்றாள் தோழி. “திருடனுக்கு மரியாதை எதுக்கு?” என்றேன்.

உரிம ஒப்பந்தம் ஒன்றும் வேண்டியிருந்தது. ‘ஏற்கிறேன்’ என்று கட்டத்தில் டிக் போடுகிறோமே, அதற்கு மேலே ஓடும் நீளமான எழுத்து. வேறொரு விளையாட்டின் ஒப்பந்தத்தை எடுத்து அப்படியே ஒட்டினேன். பதினான்கு பக்கம் ஆங்கிலம். அவர்கள் பெயர் இருந்த இடத்திலெல்லாம் எங்கள் பெயரைப் போட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்? நானே படிக்கவில்லை.

விளையாட்டு நன்றாகவே போனது. தமிழ்ப்பள்ளிகள் சில வாங்கின. வெளிநாட்டில் இருக்கிற தமிழ்ப் பெற்றோர் வாங்கினார்கள். ‘திறக்கவில்லை’ என்று தினமும் ஒன்றிரண்டு புகார் வந்ததைத் தவிர ஏழெட்டு மாதம் எல்லாம் சரியாக ஓடியது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தது. டெங்கில் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர். பொறுமையான குரல். அந்தப் பொறுமைதான் பயமாக இருந்தது.

“உங்க விளையாட்டு என்னைத் திருடின்னு சொல்லுதும்மா,” என்றார். “அதுவும் எங்க பிள்ளைங்க முன்னாடி, அவங்க அப்பா அம்மா முன்னாடி.”

நடந்தது இது. அந்தப் பள்ளி இருபது கணினிக்கான சாவியை முறையாக வாங்கியிருந்தது. மழைக்காலத்தில் கணினி அறைக்குள் வெள்ளம் புகுந்து பன்னிரண்டு கணினிகள் வீணாயின. யார் யாரையோ கேட்டு டீச்சர் பழைய கணினிகள் பன்னிரண்டு சேர்த்தார். அவற்றிலும் எங்கள் விளையாட்டைப் போட்டார். எங்கள் சர்வர் எண்ணிப் பார்த்தது. இருபது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு. செத்துப்போன கணினியை அது எப்படி அறியும்? சாவி கசிந்துவிட்டது என்று முடிவுசெய்து, ஏழு நாள் அவகாசத்தைத் தொடங்கிவிட்டது. ஏழாவது நாள் சனிக்கிழமை. பள்ளியில் பெற்றோர் நாள். பிள்ளைகள் விளையாடிக் காட்ட, பெற்றோர் பின்னால் நிற்க, இருபது திரையும் வரிசையாகச் சிவந்தன. எழுத்து கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த வாசகத்தையும் கூட்டிப் படித்தார்கள், சத்தமாக.

ஒரு தகப்பனார் சிரித்துக்கொண்டே, “என்ன டீச்சர், பிள்ளைங்களுக்குத் திருட்டு கேமா போட்டுக் கொடுக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்.

சாவியை உடனே திறந்துவிட்டேன். அது ஒரு நிமிட வேலை. ஆனால் அது போதாது என்று எனக்கே தெரிந்தது. மறுநாள் காலை தோழியின் காரில் இருவரும் டெங்கில் போனோம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். அவள் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை, அதற்கு இன்றுவரை அவளுக்கு நன்றி.

டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். கணினி அறைச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, மேசை மேல் ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். எங்கள் உரிம ஒப்பந்தம். பதினான்கு பக்கத்தையும் அச்செடுத்து, கட்டுரையைத் திருத்துவது போல ஓரமெல்லாம் சிவப்புப் பேனாவால் குறித்திருந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படிச்சேன்,” என்றார். “நான் எதை மீறுனேன்னு தெரியணும்ல. அதுக்காக.”

நான் முதல் பக்கத்தைப் புரட்டினேன்.

“கணினி கெட்டுப்போனா என்ன செய்யணும்னு இதுல ஒரு வரிகூட இல்ல. சரி, அது போகட்டும். பதினோராவது பக்கம் பாருங்க.”

பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் எங்கள் பெயருக்குப் பதிலாக அந்த இன்னொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. நான் மாற்ற மறந்த ஓர் இடம்.

“இது யாரும்மா?” என்று கேட்டார்.

“அவங்க ஒப்பந்தத்தைப் பாத்து எடுத்தேன் டீச்சர்.”

“அவங்ககிட்ட கேட்டு எடுத்தீங்களா?”

“இல்ல.”

அவர் தாளைத் திருப்பி வைத்தார். என் தோழி மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். திருடாதே என்று சொல்லும் தாளையே திருடி ஒட்டியிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர், நான் யாரைத் திருடி என்று திரையில் எழுதினேனோ அதே ஆள்.

தலைமையாசிரியருக்கு அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பள்ளி முறையாக வாங்கியது, தவறு முழுக்க எங்களுடையது என்று. டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு, “இது தலைமையாசிரியருக்குச் சரி. பிள்ளைங்களுக்கு?” என்றார்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் நின்றேன்.

“அந்த ரயில் விளையாட்டை எழுதுனது நான்தான். உங்க டீச்சர் அதைக் காசு கொடுத்துதான் வாங்குனாங்க. சிவப்பா ஒண்ணு வந்துச்சே, அது தப்பு. அப்படி எழுதுனதும் நான்தான்.”

முன் வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். “அப்போ நீங்கதான் பொய் சொன்னீங்களா?”

“ஆமா,” என்றேன்.

“சரி,” என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கேள்வி, ‘ங்’ பெட்டிக்கு ஏன் எந்த இஞ்சினும் வருவதே இல்லை என்பது.

கிளம்பும்போது டீச்சர் இன்னொன்றும் சொன்னார். பெற்றோர் நாளன்று ஒரு அம்மா மடிக்கணினி கொண்டுவந்திருந்தாராம். கிள்ளானில் வாங்கிய பழைய மடிக்கணினி. அதில் எங்கள் விளையாட்டு ஏற்கெனவே போட்டிருந்தது. இருபது திரையும் சிவந்தபோது அந்த ஒன்று மட்டும் கோளாறில்லாமல் ஓடியதாம். பிள்ளைகளெல்லாம் அதைச் சுற்றித்தான் நின்றார்களாம்.

“அதுக்கு மட்டும் சாவி கேக்கவே இல்லையே, ஏன்?” என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அந்த அம்மாவைக் கேட்டு அந்தப் பிரதியை வாங்கிவந்து பிரிக்பீல்ட்ஸில் திறந்து பார்த்தேன். பூட்டு உடைந்திருந்தது. எங்கே என்று தேட அரை நாள் ஆனது. என் ஒரு மாத உழைப்பில் யாரோ ஒரே ஓர் எண்ணை மாற்றியிருந்தார்கள். சர்வர் என்ன பதில் சொன்னாலும் ‘சரி’ என்று எடுத்துக்கொள்ளும்படி. பதினாறு வயதில் நான் செய்த அதே வேலை, இம்மி பிசகாமல். கோபம் வந்தது. கூடவே, சுத்தமாகச் செய்திருக்கிறான் என்ற தொழில்முறை மரியாதையும் வந்தது. இரண்டையும் மறைக்கப் போவதில்லை.

அந்த வாரமே கொமியூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். லிட்டில் இந்தியா பக்கம், ஒரு நகைக்கடைக்குப் பின்னால், அந்த அம்மா மடிக்கணினி வாங்கிய சின்னக் கடை. பழைய மடிக்கணினிகளை வாங்கிப் பழுதுபார்த்து விற்பவர். கண்ணாடி மேசையில் ஆறு மடிக்கணினிகள் திறந்திருந்தன. இரண்டில் என் தோழியின் கிள்ளான் நிலையம் தெரிந்தது, புறாக்களோடு.

“வாங்க அக்கா, பிள்ளைங்களுக்கா? இதுல தமிழ் கேம் ஃப்ரீயா போட்டிருக்கு,” என்றார் கடைக்காரர்.

“தெரியும் அண்ணே. அது நான் எழுதுன கேம்.”

ஓடிப் பதுங்குவார், மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் முகம் மலர்ந்தது. “நீங்களா! செம கேம் அக்கா. இதைக் காட்டுனாலே லேப்டாப் போயிரும்.”

“காசு கொடுத்து வாங்குனீங்களா?”

“முதல்ல ஒரிஜினல்தான் வாங்குனேன், சத்தியமா.” மேசை இழுப்பறையைத் திறந்து எங்கள் சாவி அட்டையை எடுத்துக் காட்டினார். “பந்திங் எஸ்டேட் பக்கம் ஒரு குடும்பத்துக்கு வித்தேன். அங்க நெட் லைன் கிடையாது. ரெண்டு வாரத்துல சிவப்பா வந்து நின்னுருச்சு. அந்த ஆளு மோட்டார்ல இவ்வளவு தூரம் வந்து, ஏமாத்திட்டியே பாஸ்னு என்னைத் திட்டுறாரு. அப்புறம்தான் நெட்ல இதைத் தேடி எடுத்தேன். இது நெட்டும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. நீங்களே சொல்லுங்க, எது நல்ல சாமான்?”

சாவி அட்டையை வாங்கிப் பார்த்தேன், எங்களுடையதுதான்.

“உங்ககிட்ட இருக்கிறதுதான் நல்ல சாமான், ஒத்துக்கிறேன். என் பூட்டு மோசம். ஆனா என் பூட்டு மோசம்ங்கறதால நீங்க செஞ்சது சரியாயிடாது அண்ணே. நாங்க ரெண்டு பேர் ரெண்டு வருஷம் செஞ்சது இது. இந்தப் புறாவை வரைய அவ மூணு நாள் ஸ்டேஷன்ல போய் உக்காந்திருந்தா.”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். “உக்காந்து வரைஞ்சதா?” என்று கேட்டார். பிறகு ஆறு மடிக்கணினியிலிருந்தும் என் கண்முன்னாலேயே விளையாட்டை அழித்தார். நான் போனதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அழித்தார். “ஜில்லுனு தண்ணி ஒண்ணு குடிக்கிறீங்களா?” என்று கேட்டு ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்.

திரும்பி வந்து தோழியிடம் சொன்னேன்: “பூட்டை எடுக்கிறேன். முழுசா.”

இப்போது அவள் பயந்தாள். “எடுத்துட்டா ஆளாளுக்கு காப்பி அடிப்பாங்களே.”

“இப்பவும் அடிக்கிறாங்க. காப்பி அடிச்சவன் யாருக்கும் சிவப்புத் திரை வரல. வந்ததெல்லாம் வாங்குனவங்களுக்குத்தான்.”

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்று கீழே பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, எடு,” என்றாள். “ஆனா அந்த ஒப்பந்தத்தையும் எடு. அதைப் பாத்தாலே எனக்கு அந்த டீச்சர் முகம்தான் வருது.”

பூட்டைக் கழற்ற ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. ஒப்பந்தத்துக்குத்தான் நாளானது. தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். முதல் வடிவத்தை டீச்சருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

“முதல் வரியிலேயே ‘உரிமம் பெறுநர்’னு போட்டிருக்கீங்க,” என்றார். “யாரு அது?”

“நீங்கதான் டீச்சர்.”

“அப்போ ‘நீங்கள்’னு எழுதுங்க. ‘வழங்குநர்’ யாரு?”

“நாங்க.”

“அப்போ ‘நாங்கள்’. அவ்வளவுதானே? ஏன் வேஷம் கட்டணும்?”

ஐந்தாறு முறை அனுப்பினேன். ஐந்தாறு முறையும் திருத்தி அனுப்பினார். கடைசியில் ஒரே பக்கத்தில் நின்றது. காசு கொடுத்து வாங்கியவர் தன் வீட்டிலுள்ள எல்லாக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். பள்ளி வாங்கினால் பள்ளி முழுக்கப் போடலாம். கணினி கெட்டால் வேறு கணினியில் போடலாம், எங்களைக் கேட்க வேண்டாம். பிரதி எடுத்து விற்கக் கூடாது, விற்கிற சாமானோடு இலவசமாகவும் தரக் கூடாது. கடைசி வரியை நான் எழுதினேன், டீச்சர் அதில் கை வைக்கவில்லை: ‘வாங்காமல் விளையாடிக்கொண்டிருந்தால் உங்கள் திரை சிவக்காது. பிடித்திருந்தால் ஒரு பிரதி வாங்குங்கள். அடுத்த விளையாட்டை அதை வைத்துத்தான் செய்கிறோம்.’

பழைய ஒப்பந்தத்தின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டேன், நடந்ததைச் சொல்லி. பதில் வரவில்லை. வராவிட்டாலும் போட வேண்டியது என் வேலை.

பூட்டை எடுத்ததால் நாங்கள் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. விற்பனை முன்போலவே போனது. ‘விளையாடவே முடியவில்லை’ என்று தினமும் வந்துகொண்டிருந்த புகார்கள் நின்றதில் எனக்குப் பாதி நாள் மிச்சமானது. டெங்கில் பள்ளி மேல் வகுப்புகளுக்கும் சேர்த்து விளையாட்டைப் போட்டுக்கொண்டது. தலைமையாசிரியர் என் கடிதத்தைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டினாராம்.

சில மாதம் கழித்துக் கிள்ளான் கடைக்காரர் கூப்பிட்டார்.

“அக்கா, உங்க கேம் சுபாங் ஜெயாவுல தொங்குது. ‘ழ்’ பெட்டி கோர்க்க மாட்டேங்குது. மூணு கஸ்டமர் கேட்டுட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்தக் கோளாறை நாங்க எப்பவோ சரி பண்ணிட்டோம் அண்ணே. உங்ககிட்ட இருக்கிறது பழைய காப்பி. திருட்டு காப்பிக்கு யாரு திருத்தம் அனுப்புவா?”

“நான் அன்னைக்கு அழிச்சேனே,” என்றார் மெதுவாக.

“அழிச்சீங்க. நான் ரயில் ஏறுனதும் திரும்பப் போட்டீங்க.”

“ரயில் ஏறுனதும் இல்ல லா அக்கா. ரெண்டு நாள் கழிச்சுதான்.”

கடைக்காரர்கள் எங்களிடம் மொத்தமாக வாங்கினால் ஒவ்வொரு மடிக்கணினியோடும் ஓர் அசல் பிரதி சேர்த்து விற்க ஓர் ஏற்பாடு செய்யலாம், இணையமும் வேண்டாம், சாவியும் வேண்டாம் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த வாரம் எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார், மூச்சு வாங்க. கடைக்காரர்களுக்கென்று எழுதிய ஒரு பக்க ஒப்பந்தத் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார்.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்து, “அந்தப் புறா வரைஞ்சவங்க யாரு?” என்று கேட்டார். தோழி தன் மேசையிலிருந்து கையைத் தூக்கினாள். அவர் அவள் பக்கம் போய், அவள் வரைந்துகொண்டிருந்த அடுத்த விளையாட்டின் படத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். நான் அவருக்கு ஒரு தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்கிவரக் கீழே இறங்கினேன்.